எனக்குப் பிடிக்காது என்று நினைத்திருந்த நூல்கள்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நான் ஒரே வகை நூல்களைத்தான் வாசித்து வந்திருக்கிறேன். அளவில் சிறிய நாவல்கள், சிறுகதைத் தொகுப்புகள். அவற்றில் பெரிய நிகழ்ச்சி எதுவும் நடக்காது. ஒரு குடும்பம், ஓர் அலுவலகம், ஒரு மாலைப்பொழுது, அதற்குள் ஒரு மனிதர் தன்னைப் பற்றி ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்வார், அல்லது தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத் தவறவிடுவார். இந்த வகை எழுத்தின் மேல் எனக்கு உள்ள அன்பு இன்றும் குறையவில்லை. ஆனால் அந்த அன்போடு சேர்த்து, மற்ற வகைகளைப் பற்றிய ஓர் அலட்சியத்தையும் நான் வளர்த்துக்கொண்டிருந்தேன் என்பது சென்ற ஆண்டுதான் எனக்கு உறைத்தது. ஒரு தோழியிடம் துப்பறியும் கதைகளின் குறைகளை நீண்ட நேரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டு முடித்த அவர், அந்த வகையில் கடைசியாக எதை வாசித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பள்ளி நாட்களுக்குப் பிறகு ஒன்றைக்கூட நான் வாசித்திருக்கவில்லை.

அதன் பிறகு ஓராண்டுக் காலம், நானாக ஒருபோதும் கையில் எடுக்காத நூல்களாகவே தேர்ந்து வாசித்தேன். ஒவ்வொரு வகைக்கும் அந்த வகையை மனதார விரும்புகிற ஒருவரிடம் கேட்டு, அவர் கொடுத்த நூலை எடுத்துக்கொண்டேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட நிபந்தனைகள் இரண்டு. எடுத்ததை முழுவதும் வாசிக்க வேண்டும். பிடிக்காமல் போனதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் தெளிவாக எழுத முடியாவிட்டால், அந்த நூலை மறுபடியும் வாசிக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் என்னைப் பலமுறை பிடித்து நிறுத்தியது.

முதலில் எடுத்தது அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’. ஒரு சிற்றூர், ஒரு செல்வந்தர், பூட்டிய அறைக்குள் அவருடைய உடல், சுற்றிலும் ஆளுக்கொரு இரகசியத்தோடு நிற்கும் மனிதர்கள். பாதி வழியில் என் குறிப்பேட்டில் எழுதினேன்: இவர்கள் அட்டையில் வெட்டிய உருவங்கள், ஒருவருடைய சாவு இங்கே யாரையும் உண்மையாக வருத்தவில்லை. அந்தக் குறிப்பை நான் இன்றும் அடிக்கவில்லை, ஏனென்றால் அதில் பெரும்பகுதி சரிதான். ஆனால் முடிவைப் படித்த இரவில் நூலை மூடி வைக்க முடியாமல் முதல் அத்தியாயத்துக்கே திரும்பிவிட்டேன். அந்த முடிவை இங்கே சொல்வது இனிமேல் வாசிக்கப் போகிறவருக்குச் செய்யும் துரோகமாகும் என்பதால், இரண்டாம் வாசிப்பில் கண்டதை மட்டும் சொல்கிறேன். கையில் பென்சிலோடு வாசித்தேன். முதல் முறை வெறும் தகவலாகக் கண்ணில் பட்டுக் கடந்து போன ஒரு பத்தி, இப்போது முற்றிலும் வேறு பொருளோடு எழுந்து நின்றது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் ஒரு வினைச்சொல்லுக்கும் அடுத்த வினைச்சொல்லுக்கும் நடுவே விடப்பட்ட சிறு இடைவெளியில் ஒரு குற்றத்தின் அடையாளம் முழுவதும் கிடக்கிறது. சொல்லாமல் விடுவதன் ஆற்றலுக்காகவே நான் கொண்டாடி வந்த எழுத்தாளர்கள் பலர். அதே ஆற்றலை இங்கே ஒருவர் வேறொரு பயனுக்காக, மிகுந்த துல்லியத்தோடு கையாண்டிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வாசிப்புகள் தேவைப்பட்டன.

துப்பறியும் கதைகளின் மேல் நான் வைத்திருந்த முதன்மையான குற்றச்சாட்டு, அவை வாய்பாட்டின்படி எழுதப்படுகின்றன என்பது. அது உண்மையும்கூட. ரொனால்ட் நாக்ஸ் என்னும் எழுத்தாளர் 1929இல் இந்த வகைக்குப் பத்து விதிகளையே வகுத்து வெளியிட்டார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், அமானுஷ்ய சக்திகளுக்கு இடமில்லை, துப்பறிபவர் கண்டெடுக்கும் ஒவ்வொரு தடயமும் உடனே வாசகர் கண்ணுக்கும் காட்டப்பட வேண்டும் என்பன போன்றவை. இந்த விதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் குறுந்தொகை நினைவுக்கு வந்தது. நான் மிகவும் நேசிக்கும் அந்த 400 பாடல்களில் ஒன்றிலாவது தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர் உண்டா? அகப்பாடலில் காதலர்க்குப் பெயர் சுட்டக் கூடாது என்பது விதி. பேசுகிறவர் தலைவியா, தோழியா, செவிலியா என்பதற்கு முறை உண்டு. குறிஞ்சி என்றால் கூடல், பாலை என்றால் பிரிவு என்று நிலமும் உணர்வும் முன்கூட்டியே பொருத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டு, ஒரு புலவர் நான்கு முதல் எட்டு அடிகளில் இதுவரை யாரும் காட்டாத ஒன்றைக் காட்டும்போது அதை நான் மேதைமை என்கிறேன். ஒரு பூட்டிய அறைக்குள் அதே வகையான செயலைச் செய்தால் அதை வாய்பாடு என்று தள்ளிவிடுகிறேன். இது நேர்மையான அளவுகோல் இல்லை. காதல் கதைகளை, முடிவு தெரிந்ததுதானே என்று ஒதுக்கி வந்ததற்கும் இதே பதில்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் என் மனதில் உள்ளதை முழுவதும் சொல்ல வேண்டும். அதன்பிறகு அகதா கிறிஸ்டியின் வேறு மூன்று நாவல்களை வாசித்தேன். ஒன்றும் முதல் நாவலின் உயரத்தைத் தொடவில்லை. புதிர் அவிழ்ந்ததும் மனிதர்கள் மறந்து போகிறார்கள். குறுந்தொகைப் பாடல் நூறாவது முறையும் புதிதாக இருக்கிறது. புதிர் நாவல் சிறந்ததாக இருந்தால் இரண்டாவது முறை மேலும் நன்றாக இருக்கிறது, மூன்றாவது முறை தேவைப்படுவதில்லை. அந்த அளவில்தான் என் மதிப்பீடு நிற்கிறது.

படக்கதைகளிடம் நான் செய்த தவறு இன்னும் மோசமானது. ஆர்ட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்த ‘மவுஸ்’ என்னும் நூலை ஒரே மாலையில் வாசித்து முடித்துவிட்டு, நல்ல நூல், ஆனால் இதற்குப் படங்கள் எதற்கு என்று எழுதி வைத்தேன். 1986இலும் 1991இலும் இரண்டு பாகங்களாக நூல் வடிவம் பெற்று, 1992இல் சிறப்புப் புலிட்சர் விருது பெற்றது அது. நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய தந்தையிடம் மகன் கேட்டு எழுதிய வாழ்க்கைக் கதை. யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர்கள் பூனைகளாகவும் வரையப்பட்டிருக்கிறார்கள். நூலைக் கொடுத்த நண்பர் என் குறிப்பைக் கேட்டுவிட்டு, முதல் பாகத்தின் பிற்பகுதியில் ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். கணவனும் மனைவியும் ஒளிந்துகொள்ள இடமின்றி ஒரு வெளியில் நடந்து போகிறார்கள். அந்தக் கட்டத்தின் வாசகத்தை நான் முன்பே வாசித்திருந்தேன். போக்கிடம் இல்லை என்று அது சொல்கிறது. ஆனால் அவர்கள் நிற்கும் பாதையை நான் பார்க்கவே இல்லை. கிளை பிரிந்து செல்லும் அந்தப் பாதைகள் சேர்ந்து நாஜிச் சின்னத்தின் வடிவத்தில் வரையப்பட்டிருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்கள் அதன் மேல்தான் நடந்தாக வேண்டும். எழுத்தில் ஒரு பத்தி முழுவதும் செலவழித்தாலும் கிடைக்காத ஒன்று அந்தச் சிறு கட்டத்துக்குள் இருந்தது, நானோ பேச்சுக் குமிழிகளை மட்டும் தின்று தீர்த்துவிட்டு அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

மறுவாசிப்புக்குப் பத்து நாட்கள் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் படத்தைப் பார்ப்பது, பிறகே எழுத்தை வாசிப்பது என்று பழக்கிக்கொண்டேன். அப்போதுதான் இன்னொரு கட்டம் கண்ணில் பட்டது. யூதர் அல்லாதவர்போல நடிப்பதற்காக இருவரும் பன்றி முகமூடி அணிந்து தெருவில் நடக்கிறார்கள். போலந்துக்காரர்கள் இந்நூலில் பன்றிகளாக வரையப்படுகிறார்கள். மனைவியின் மேலங்கிக்குக் கீழே எலியின் வால் நீண்டு தெரிகிறது. அவளைக் கண்டுகொள்வது எளிது என்பதை வாசகம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்த வாலைப் பார்த்த பிறகு, அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்கே எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு எழுத்தை வாசிக்கத் தெரியும் என்பதால் படத்தையும் வாசிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டதுதான் என் பிழை. அது தனியாகக் கற்க வேண்டிய ஒன்று, நான் இன்னும் தொடக்க வகுப்பில்தான் இருக்கிறேன்.

வேகத்தைப் பற்றிய இதே பாடத்தைக் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னும் வேறு விதத்தில் சொல்லிக்கொடுத்தது. ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் வாசிக்க முயன்று இரண்டாம் பாகத்தில் சலித்துப் போனேன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு நிழல் அசைகிறது, ஒரு குரல் கேட்கிறது, யாரோ ஒருவர் திகைத்து நிற்கிறார், அத்தோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்த கதை அது; ஒரு வாரம் காத்திருக்கப் போகிறவருக்காக எழுதப்பட்ட முடிச்சை, அரை நிமிடத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறவர் குறை சொல்வது நியாயமாகாது. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று குறைத்துக்கொண்ட பிறகு சலிப்பு விலகியது. நந்தினியின் பாத்திரத்தை இவ்வளவு இருளோடும் இவ்வளவு கனிவோடும் ஒரு வெகுஜனத் தொடர்கதையில் சந்திப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை ஐயத்திலேயே விட்டிருப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. வந்தியத்தேவன் மட்டும் கடைசி வரை எனக்கு நெருக்கமாகவில்லை. அவனுக்கு எந்த ஆபத்தும் நிலைக்காது என்பது மிக விரைவிலேயே தெரிந்துவிடுகிறது.

பிடிக்காமல் போனவற்றுள் முதலாவது பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’. முதல் நான்கு அத்தியாயங்களை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓர் இளம் வழக்கறிஞர் தொலைதூரக் கோட்டையில் தங்குகிறார். முகம் மழிக்கும்போது அவருடைய தோளருகே வந்து நிற்பவருடைய உருவம் கண்ணாடியில் இல்லை. பிறகொரு இரவில் அதே மனிதர் கோட்டைச் சுவரில் தலைகீழாக, பல்லியைப் போல இறங்கிப் போகிறார். நாட்குறிப்பு வடிவம் இங்கே மிகப் பொருத்தமாக இருக்கிறது, எழுதுகிறவருக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும் என்பதால். ஆனால் கதை இங்கிலாந்துக்கு வந்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. இரவில் வருகிறவர் யார் என்று நமக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. நோயுற்ற பெண்ணுக்கு ஒருவர் மாற்றி ஒருவராக நான்கு ஆண்கள் இரத்தம் கொடுக்கிறார்கள், நாம் முன்பே அறிந்த காரணத்தைத் தேடி மருத்துவர்கள் பக்கம் பக்கமாகத் தயங்குகிறார்கள், உதவிக்கு அழைக்கப்பட்ட பேராசிரியர் வான் ஹெல்சிங் பேசுகிறார், மீண்டும் பேசுகிறார். கடிதம், தந்தி, செய்தித்தாள், ஒலிப்பதிவு என்று எத்தனை வடிவங்கள் மாறினாலும் குரல்கள் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இந்த நூலை நிபந்தனைப்படி இரண்டாம் முறை வாசிக்க வேண்டிய தேவை எழவில்லை, ஏனென்றால் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதிவிட முடிந்தது: வாசகர் பாத்திரங்களுக்கு முன்னால் போய்க் காத்து நிற்க நேர்ந்தால் அச்சம் போய்ப் பொறுமையின்மை வந்துவிடுகிறது. பேய்க்கதைகளை விரும்புவோர் இந்த நூலை ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதை அந்த நான்கு அத்தியாயங்களிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். எஞ்சிய பகுதிக்காக அவர்களோடு வாதிடவும் தயாராக இருக்கிறேன்.

சுயமுன்னேற்ற நூல்கள் மூன்றை வாசித்தேன். அவற்றைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஒவ்வோர் அத்தியாயத்திலும் வெற்றி பெற்ற ஒருவர் வருகிறார், அவர் பின்பற்றிய பழக்கம் சொல்லப்படுகிறது. அதே பழக்கத்தைப் பின்பற்றித் தோற்றவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எந்த அத்தியாயத்திலும் எழுவதில்லை. தோற்றவர்களைப் பற்றிய கதைகளையே வாழ்நாள் முழுவதும் வாசித்து வந்த எனக்கு, அவர்கள் இல்லாத உலகம் உண்மையானதாகத் தெரியவில்லை.

அறிவியல் புனைவுக்கு என்று கேட்டபோது, விண்கலங்களும் வேற்றுக் கிரகங்களும் நிறைந்த ஏதோ ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கப்பட்டது மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. 1816ஆம் ஆண்டுக் கோடையில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18; 1818இல் நூல் வெளியானபோது அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. திரைப்படங்களின் வழியாக நானும் இந்தக் கதையை அறிந்ததாகவே நினைத்திருந்தேன்: மின்னல் வெட்டும் ஆய்வுக்கூடம், கழுத்தில் ஆணிகளோடு தள்ளாடி வரும் ஊமை உருவம். நூலில் மின்னல் வெட்டும் ஆய்வுக்கூடம் இல்லை. உயிரூட்டும் முறை விளக்கப்படவே இல்லை. ஓரிரு வரிகளில் அது நடந்து முடிந்துவிடுகிறது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவருடைய பெயர், படைக்கப்பட்டவனுக்குப் பெயரே கிடையாது. அவன் ஊமையும் இல்லை. அந்த நூலிலேயே மிக நயமாகப் பேசுகிறவன் அவன்தான்.

நூலின் நடுப்பகுதியில் அவனே தன் கதையைச் சொல்கிறான். படைத்தவர் அருவருத்து ஓடிவிட்ட பிறகு, ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து வாழ்கிறான். சுவரில் இருந்த சிறு விரிசல் வழியாக உள்ளே இருக்கும் வறிய குடும்பத்தைப் பார்க்கிறான். அவர்கள் எழுப்பும் ஒலிகளுக்கும் பொருள்களுக்கும் தொடர்பு உண்டு என்பது மெல்ல விளங்குகிறது. நெருப்பு, பால், ரொட்டி, விறகு என்று முதல் சொற்களைக் கற்றுக்கொள்கிறான். இரவில் அவர்களுக்காக விறகு வெட்டி வாசலில் போட்டுவிட்டுப் போகிறான், யார் செய்தது என்று தெரியாமல் அவர்கள் வியப்பதைக் கேட்டு மகிழ்கிறான். பிறகு ஒரு நாள் காட்டில் கிடந்த தோல்பெட்டியில் மூன்று நூல்கள் கிடைக்கின்றன. கதேயின் ‘வெர்தர்’, புளூட்டார்க் எழுதிய பெரியோர் வரலாறுகள், மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’. ஒன்று அவனைத் துயரத்தில் ஆழ்த்துகிறது, இன்னொன்று உயர்ந்த செயல்களை எண்ணவைக்கிறது, மூன்றாவதை அவன் கற்பனை என்றே அறியாமல் நடந்த வரலாறாக வாசித்து, ஆதாமுக்குக் கிடைத்த படைத்தவனின் அன்பு தனக்குக் கிடைக்கவில்லையே என்று வெதும்புகிறான்.

இந்தப் பக்கங்களில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். எது எந்த வகை, எது யாருக்கானது என்ற எந்த அறிவும் இல்லாமல், கையில் கிடைத்தது முழுவதையும் தனக்கே எழுதப்பட்டதாக எடுத்துக்கொண்டு வாசிக்கும் ஒருவனை, இலக்கியத்தில் வேறு எங்கும் நான் சந்தித்ததில்லை. அந்த வாசிப்பு அவனுக்கு நன்மை செய்யவில்லை என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. கண் தெரியாத முதியவரிடம் தனிமையில் பேசி நட்பைப் பெற முயல்கிறான். மற்றவர்கள் உள்ளே வந்து அவனைப் பார்த்த நொடியில் அடித்து விரட்டுகிறார்கள். ஒரு மனிதர் புறக்கணிக்கப்படும் வேதனையை இவ்வளவு நுட்பமாகச் சொல்லும் பக்கங்களை, நான் பெருமையோடு வைத்திருந்த நடப்பியல் நாவல்களில் விரல்விட்டு எண்ணலாம். நாவலில் குறைகளும் உண்டு. படைத்தவருடைய புலம்பல்கள் நீளமானவை, மலைகளையும் ஏரிகளையும் பற்றிய வருணனைகளில் நான் சில பக்கங்களைச் சிரமப்பட்டே கடந்தேன். இருந்தும் இந்த ஆண்டு நான் வாசித்த புனைவுகளில் இதுவே மிகச் சிறந்தது என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

புனைவல்லாத அறிவியல் நூல் என்று ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதற்காகக் கடைசியில் எடுத்தது, மண்புழுக்களைப் பற்றி சார்லஸ் டார்வின் எழுதி 1881இல் வெளியிட்ட நூல். அவருடைய கடைசி நூல் அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். மண்புழுக்கள் நிலத்தின் மேல்மண்ணை உருவாக்குவதைப் பற்றி 1837லேயே ஒரு கட்டுரை வாசித்தவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை மனதில் வைத்திருந்து முதுமையில் திரும்பி வந்திருக்கிறார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் அதிகமான மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகிறது என்று அவர் கணக்கிடுகிறார்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கணக்கு இல்லை, அவர் பார்த்த விதம். புழுக்களுக்குக் காது கேட்குமா என்று அறிய, தொட்டிகளில் வளர்த்த புழுக்களின் அருகே ஊதல் ஒலிக்கப்படுகிறது, பஸூன் என்னும் குழலின் மிகக் கனத்த சுரங்கள் வாசிக்கப்படுகின்றன, உரக்கக் கத்தப்படுகிறது, புழுக்கள் அசையவில்லை. அடுத்து, தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கீழ்ச்சுரத்தைத் தட்டுகிறார். உடனே அவை வளைக்குள் ஒடுங்குகின்றன. காற்றில் வரும் ஒலி அவற்றுக்குக் கேட்பதில்லை, தொடும் பொருளில் எழும் அதிர்வு தெரிகிறது. இன்னோர் இடத்தில், வளையின் வாயை அடைக்கப் புழுக்கள் இலையின் எந்த முனையைப் பிடித்து இழுக்கின்றன என்பதை அறிய, காகிதத்தை முக்கோணங்களாக வெட்டி, ஈரத்தில் தளர்ந்துவிடாதிருக்க அவற்றின் மேல் கொழுப்பைத் தடவி, முந்நூறுக்கும் மேற்பட்டவற்றை நிலத்தில் பரப்பி வைத்து, இழுக்கப்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்து எந்தப் பக்கத்தால் இழுக்கப்பட்டது என்று குறித்துக்கொள்கிறார். பெரும்பாலானவை கூர்முனையால் இழுக்கப்பட்டிருந்தன. உலகமே அறிந்த ஒரு முதியவர் தரையில் குனிந்து, கொழுப்புத் தடவிய காகிதத் துண்டுகளின் கசங்கலை ஆராய்ந்துகொண்டிருக்கும் காட்சி, அவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமலேயே என் கண்முன் நின்றது.

ஓராண்டின் நூல்களில் பெரும்பாலானவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மண்புழு நூலை மட்டும் கொடுத்தவரிடம் கேட்டு நானே வைத்துக்கொண்டேன். அதை அறிவியல் நூல்கள் என்று தனியாக ஓர் இடம் ஒதுக்கி வைக்க மனம் வரவில்லை. பெரிய நிகழ்ச்சி எதுவும் நடக்காத என் சிறிய நாவல்களின் வரிசையிலேயே, அவற்றுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.